கொடுத்த கை தெரியவில்லை!

எடுத்த கை தெரிந்தது. கொடுத்த கை தெரியவில்லை! ஆறே சொற்கள். கனடா நாட்டிலே ஆறாண்டுக் காலம் நடமாடி அணைந்துபோன ஒரு வரியின் கதை, அந்த ஆறு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பிறந்தது அந்த வரி. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மறைந்தது. ஒருவரை ஒருவர் ஏமாற்றி விளையாடும் நாள் என்று உலகமெங்கும் பெயர் பெற்ற நாளிலே பிறப்பு. அதே நாளிலே இறப்பு! முடித்தவர்கள் யார்? மாற்றுக் கட்சியினரா? இல்லை, பெற்றெடுத்த கட்சியே! லிபரல் கட்சியின் புதிய பிரதமராக மார்க் கார்னி 2025 மார்ச்சு 14-ஆம் நாள் பதவி ஏற்றார். அன்றைக்கே அந்த வரியின் தலையெழுத்தைத் தமது கையெழுத்தால் முடித்தார். அந்தக் கார்னி யார்? காலநிலை நிதிக்காக ஐ.நா. மன்றத்தின் தூதராக இருந்தவர்! கரிப்புகையின் கேட்டினை அறியாதவர் அல்லர். வரியின் கணக்கினைத் தெரியாதவரும் அல்லர். அப்படிப்பட்டவர் கையாலேயே அது முடிந்தது என்றால், முடித்து வைத்தது எது? பொருளாதாரக் கணக்கு அல்ல, மக்களின் மனக்கணக்கு!

மனக்கணக்கு என்ற சொல்லைச் சாதாரணமாகத் தள்ளிவிட வேண்டாம். உலகம் சூடேறுகிறது, கடல் பொங்குகிறது, மழை பெய்யவேண்டிய நாளில் பொய்க்கிறது, பொய்க்கவேண்டிய நாளில் கொட்டித் தீர்க்கிறது. இதற்கு மருந்து என்ன என்பதை அறிவியலார் சொல்லிவிட்டார்கள். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதைக் குறைக்கவேண்டும். எப்படிக் குறைப்பது என்பதையும் பொருளாதாரம் படித்தோர் சொல்லிவிட்டார்கள். புகைக்கு விலை வையுங்கள் என்று. மருந்து தயார், மருத்துவர் தயார். ஆனால் நோயாளி வாயைத் திறக்க மறுக்கிறாரே, ஏன்? அதைச் சொல்லத்தான் மனவியலார் வேண்டும் என்கிறோம். அவர்களைக் கூப்பிடாமல் வகுத்த திட்டம், கனடாவிலே என்ன பாடு பட்டது என்பதைக் கவனியுங்கள்.

திட்டம் தீட்டியவர்கள் தீயவர்கள் அல்லர். திறமை இல்லாதவர்களும் அல்லர். பெட்ரோல், டீசல், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஆகியவற்றின் மீது, அவை கக்கும் புகையின் அளவுக்கு ஏற்ப ஒரு கட்டணம். டன் ஒன்றுக்கு 20 டாலர் என்று தொடங்கி, ஆண்டுதோறும் ஏறி, 2024-ஆம் ஆண்டு 80 டாலரில் வந்து நின்றது. அந்தப் பணம் கருவூலத்தில் தூங்கவில்லை; ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, குடும்பங்களுக்கே திரும்பிச் சென்றது. அதுவும் எப்படி? பெரிய மாளிகைக்கு அதிகம், சிறிய வீட்டுக்குக் குறைவு என்றா? இல்லை. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பார்த்து! ஒன்டாரியோ மாநிலத்தில் நால்வர் கொண்ட குடும்பம், கடைசி ஆண்டில், 1,120 டாலர் பெற்றது. மூன்று கார் வைத்திருப்பவன் கட்டுவது அதிகம்; பேருந்திலே செல்பவன் கட்டுவது குறைவு; திரும்பி வருவதோ இருவருக்கும் சமம். எரிபொருளுக்குக் கட்டியதையும் திரும்பப் பெற்றதையும் மட்டும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், பெரும்பாலான குடும்பங்கள் கட்டியதைவிடப் பெற்றதே அதிகம் என்று அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் வரவு செலவு அதிகாரியும் கணக்கிட்டுக் காட்டினார்.

காகிதத்திலே இதைவிட அழகான திட்டம் உண்டோ! எளியவனுக்கு இலாபம், எரிப்பவனுக்குச் செலவு, உலகுக்கு நன்மை. ஆனால் வாக்காளன் வாழ்வது காகிதத்தில் அல்லவே, கடைத்தெருவில் அல்லவா!

பெட்ரோல் நிலையத்துக்குப் போகிறான். லிட்டருக்குப் பதினேழு சென்ட்டுக்கு மேல் இந்த வரி என்று அறிகிறான். ஒவ்வொரு முறையும் காண்கிறான், ஒவ்வொரு வாரமும் கட்டுகிறான். கண்ணெதிரே எண் ஓடுகிறது, கையிருப்பு கரைகிறது. வரியை மறக்க நினைத்தாலும் மறக்க முடியாத இடம் அது. திரும்பி வந்த பணமோ? தொடக்க ஆண்டுகளில், வருமான வரிக் கணக்கு முடிக்கும்போது, அந்தக் கூட்டல் கழித்தலுக்குள்ளே ஒரு வரியாக ஒளிந்துகொண்டது. 2022-ஆம் ஆண்டு ஜூலையிலிருந்துதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக்கணக்கில் நேராக விழுந்தது. விழுந்ததே தவிர, விளங்கியதா? வங்கிச் சீட்டிலே ஏதோ ஒரு சுருக்கெழுத்து! எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று கேட்டால், எத்தனையோ பேருக்குப் பதில் தெரியாது. 2024-ஆம் ஆண்டுதான், ஐந்தாண்டு கழித்து, ‘கனடா கரிமீட்புத் தொகை’ என்று பொருள்படும்படி அதற்கு ஒரு பெயரைச் சூட்டினார்கள். குழந்தை பள்ளிக்குப் போகும் வயதிலே தொட்டிலில் இட்டுப் பெயர் வைத்த கதை!

விளைவு? 2022-ஆம் ஆண்டு ‘நேச்சர் கிளைமேட் சேஞ்சு’ என்ற ஆராய்ச்சி ஏட்டிலே, மாட்டோ மில்டன்பெர்கரும் உடன் ஆய்ந்தோரும் ஒரு கட்டுரை தந்தார்கள். கனடா மக்கள் தமக்குத் திரும்பி வந்த தொகையை உள்ளதைவிடக் குறைவாகவே எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று அது காட்டிற்று. கொடுத்தான், கொடுத்தான் என்று அமைச்சர்கள் கூவினார்கள். எடுத்தான், எடுத்தான் என்று மக்கள் எண்ணினார்கள்.

மக்களை அறியாதவர்கள் என்று ஏளனம் செய்ய எவரேனும் முற்பட்டால், அவர்களுக்கு நாம் சொல்வோம்: அறியாமை மக்களுடையது அல்ல, மக்களின் மனத்தை அறியாமல் திட்டம் வகுத்தவர்களுடையது! டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு மனவியல் அறிஞர்கள் 1979-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள்: நூறு ரூபாய் கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாயை இழந்தால் வரும் வேதனை பெரிது. மனிதன் மனத்தராசு சமத்தராசு அல்ல. இழப்பு வைத்த தட்டு எப்போதும் தாழ்ந்தே நிற்கும். இதே ஆராய்ச்சியின் வழியிலே கானமனுக்கு 2002-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசும் தரப்பட்டது. நாற்பது ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருந்த உண்மை, ஒட்டாவா நகரத்து அமைச்சரவைக் கூடத்துக்குள் நுழைய வழி கிடைக்கவில்லை! நுழைந்திருந்தால், யாரேனும் ஒருவர் எழுந்து கேட்டிருப்பார்: “எடுப்பது வாரந்தோறும், கொடுப்பது வருடத்துக்கொரு முறையா? எடுப்பதற்கு விளம்பரப் பலகை, கொடுப்பதற்கு முக்காடா?” என்று.

அந்த இடைவெளியிலே புகுந்தது எதிர்க்கட்சியின் முழக்கம். பியர் பொய்லியேவ் என்ற எதிர்க்கட்சித் தலைவர் ‘வரியை வெட்டு’ என்றார். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மூன்றே சொல். நாக்கிலே நடமாடும் சொல். எதுகை போல ஒலிக்கும் சொல். மறுமொழி சொல்ல வந்தவர்களோ, தொகை, விகிதம், சராசரி, பத்துப் பேரில் எட்டுப் பேர் என்று பாடம் நடத்தினார்கள். மேடை கண்டவர்களுக்குத் தெரியும், முழக்கத்துக்கு எதிரே முழநீளப் பட்டியல் நிற்காது! மெய்யும்கூட, சுருக்கமாய்ச் சொல்லத் தெரிந்தவன் வாயிலேதான் வெல்லும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். முழக்கம் மட்டுமே அந்த வரியைக் கொன்றுவிடவில்லை. 2022, 2023 ஆண்டுகளில் விலைவாசி விர்ரென்று ஏறியது. வீட்டு வாடகை எட்டாத உயரம் போயிற்று. அந்த வேளையிலே ஆண்டுக்கொரு முறை ஏறும் வரி, வெந்த புண்ணில் வேல் போலத்தான் தைக்கும். போதாக்குறைக்கு 2023 அக்டோபரில் ஆட்சியாளரே ஒரு தவறு செய்தார்கள். வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிப்பவர்களுக்கு மூன்றாண்டு வரிவிலக்கு என்றார்கள். அந்த எண்ணெயை மிகுதியும் பயன்படுத்துவது கீழைக் கடற்கரை மாநிலங்கள். உடனே எரிவாயு எரிக்கும் மேற்கு மாநிலத்தான் கேட்டான்: “அவனுக்குக் குளிர்கிறது, எனக்கு மட்டும் வியர்க்கிறதா?” நியாயமான கேள்வி! இழப்பைக்கூட மனிதன் பொறுத்துக்கொள்வான், ஓரவஞ்சனையைப் பொறுக்கமாட்டான். பந்தியிலே பக்கத்து இலைக்குப் பாயசம் விழுந்து, தன் இலைக்கு விழாவிட்டால், பசி இல்லாதவனுக்கும் கோபம் வரும். மனவியலின் இரண்டாம் பாடம் அது.

பிரான்சு நாட்டு ஆட்சியாளரும் இதே பாடத்தைத் தெருவிலே கற்றார்கள். 2018 நவம்பர் 17-ஆம் நாள் மஞ்சள் மேலாடை அணிந்து மக்கள் சாலைகளை மறித்தார்கள். டீசல் மீது வரி ஏறுகிறது. செல்வர்களின் சொத்து மீதான வரியோ அதற்கு முன்பே தளர்த்தப்பட்டுவிட்டது. ஊர்ப்புறத்தான் வண்டி இன்றி வேலைக்குப் போக முடியாது. பேருந்து அவன் ஊருக்கு வராது. அவனைப் பார்த்து, “உலகைக் காக்க நீ கொடு” என்றால், “உலகம் என் ஒருவன் தலையிலா?” என்று கேட்கமாட்டானா? கேட்டான். டிசம்பரிலே ஆட்சி பணிந்தது. வரி உயர்வு கைவிடப்பட்டது.

அப்படியானால் புகைக்கும் குப்பைக்கும் விலை வைப்பதே வீண் வேலையா என்று கேட்பவர்களை, அயர்லாந்து நாட்டுக்கு அழைக்கிறோம். 2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கடையிலே தரும் பிளாஸ்டிக் பை ஒவ்வொன்றுக்கும் 15 சென்ட்டு கட்டணம் என்றது அந்நாடு. அற்பத் தொகை! ஆனால் தலைக்கு ஆண்டொன்றுக்கு 328 பை என்றிருந்தது, 21 பையாகச் சரிந்தது. கலகமா நடந்தது? இல்லை. ஏன்? விலை கண்ணெதிரே கேட்கப்பட்டது; தப்பிக்கும் வழியும் கையெதிரே இருந்தது; வீட்டிலிருந்து ஒரு துணிப்பை கொண்டுபோனால் ஒரு சென்ட்டும் கட்டவேண்டாம்! சில நாளிலே, பிளாஸ்டிக் பையோடு நடப்பது பக்கத்து வீட்டார் பார்த்தால் வெட்கம் என்னும் நிலையே வந்தது. 2021 டிசம்பரில் தமிழகத்திலே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று குரல் கொடுத்தபோது, மனத்தின் அதே நரம்பைத்தான் மீட்டினார்கள். மஞ்சப்பை என்றால் பட்டிக்காட்டான் என்று ஒரு காலத்திலே கேலி பேசினார்களே, அந்தக் கேலியைப் பெருமையாக மாற்றுவதுதான் அங்கே வேலை. வெட்கம் எந்தப் பக்கம், பெருமை எந்தப் பக்கம் என்று மாற்றி வைத்தால், சட்டம் செய்யும் வேலையிலே பாதியைச் சமுதாயமே செய்துவிடும்.

பக்கத்து வீட்டார் என்றோம் அல்லவா, அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் சான் மார்க்கோஸ் என்ற ஊர். வெஸ்லி சுல்ட்சு, ராபர்ட் சியால்டினி முதலிய மனவியலார், வீட்டுக்கு வீடு, “உங்கள் தெருவிலே சராசரி மின்சாரச் செலவு இவ்வளவு, உங்களுடையது இவ்வளவு” என்று சீட்டு எழுதிக் கதவிலே தொங்கவிட்டார்கள். 2007-இல் அந்த முடிவு வெளிவந்தது. அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஆனால் வேடிக்கை கேளுங்கள், குறைவாகச் செலவழித்தவர்கள், “ஓகோ, ஊரார் இவ்வளவு எரிக்கும்போது நாம் மட்டும் ஏன் இருட்டிலே இருக்கவேண்டும்?” என்பதுபோலக் கூட்டிவிட்டார்கள்! அதற்கு மருந்து என்ன தெரியுமா? அந்தச் சீட்டிலே சிரித்த முகம் ஒன்றை வரைந்தார்கள், அவ்வளவே! “நன்று செய்தீர்” என்று சொல்லாமல் சொன்ன அந்தச் சிரிப்பு, கூடிய செலவை மீண்டும் தடுத்து நிறுத்திற்று. ஒரு பாராட்டுக்கு அவ்வளவு வலிமை!

இதையெல்லாம் கேட்டு மயங்கிவிடவேண்டாம் என்று எச்சரிக்கவும் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில், இதே மனவியலைக் கவசமாக அணிந்துகொண்டு, கரியை விற்றுக் காசு குவிப்போர் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அந்தச் சீட்டு முறையை ஓபவர் என்ற நிறுவனம் அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டு சென்றது. குறைந்தது எவ்வளவு? நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு! இரண்டும் நல்லதே, இகழமாட்டோம். ஆனால் மலையைப் பெயர்க்கவேண்டிய இடத்திலே மண்வெட்டி ஒன்றைக் கொடுத்து, “வெட்டு, வெட்டு, வேறெதுவும் கேட்காதே” என்றால் ஏற்க முடியுமா?

‘உன் கரித்தடம் எவ்வளவு?’ என்று மக்களைக் கேட்டு, வீட்டிலிருந்தே கணக்குப் போடச் சொல்லி, 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் உலகெங்கும் அந்தச் சொல்லை விளம்பரத்தால் பரப்பியது யார்? தவம் செய்யும் துறவிகளா? இல்லை, பி.பி. என்ற எண்ணெய் நிறுவனம்! எண்ணெய் தோண்டுபவன், எண்ணெய் விற்பவன், எண்ணெயில் கொழிப்பவன், அடுப்படியில் நிற்கும் தாயைப் பார்த்து, “அம்மா, உன் காலடியிலே கரி!” என்று காட்டுகிறான். என்னே அவன் அக்கறை! சுட்டுவிரல் தன் பக்கம் திரும்பும் முன்பு, அதைப் பிறர் பக்கம் திருப்பிவிடும் வித்தையும் மனவியல்தான். நம் கையிலே வராத கலை, அவன் கையிலே எப்போதோ வந்துவிட்டது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. அந்தத் துறையிலேயே பெயர் பெற்ற நிக் சேட்டர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் இருவரும் 2022-ஆம் ஆண்டு வெளிப்படையாக எழுதினார்கள்: தனிமனிதனைத் திருத்துவதிலேயே எங்கள் துறை முனைந்தது, அமைப்பைத் திருத்தவேண்டியதிலிருந்து கவனம் திரும்ப அது உதவிவிட்டது என்று. லோவன்ஸ்டைனும் வேறிருவரும் 2019-இல் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. பசுமை மின்சாரத்தை நோக்கி மக்களை மெல்லத் தூண்டும் எளிய வழி ஒன்றும் இருக்கிறது என்று காட்டியதும், கரிவரிக்கு இருந்த ஆதரவு குறைந்துவிட்டது! வலிக்காத மருந்து இருக்கிறது என்று சொன்னால், வேலை செய்யும் மருந்தை யார் விழுங்குவார்? அந்த வலிக்காத மருந்தின் வலிமை மிகச் சிறிது என்று எடுத்துச் சொன்ன பிறகுதான், ஆதரவு மீண்டும் எழுந்தது.

நம் நாட்டிலும் இந்தச் சோதனை நடக்கிறது. 2020 சனவரி முதல், விற்கப்படும் அறைக் குளிரூட்டிகள் 24 பாகை வெப்பநிலையிலேயே தொடங்கவேண்டும் என்று விதி வந்தது. வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பலரும் மாற்றமாட்டார்கள் என்பது மனத்தின் சோம்பலை அறிந்தவர்கள் போட்ட கணக்கு. நல்ல விதி; பாராட்டுகிறோம். யாரையும் குற்றவாளி ஆக்காமல், பொருளைச் செய்பவனுக்கே கடமை வைத்த விதி. ஆனால் 2022 அக்டோபரில் டெல்லி ஆட்சி ‘சுற்றுச்சூழலுக்கான வாழ்க்கைமுறை’ இயக்கம் என்று தொடங்கி, குழாயை மூடு, விளக்கை அணை, மிதிவண்டியில் போ என்று 75 செயல்களின் பட்டியலை மக்கள் கையில் கொடுத்தபோது, கேட்கவேண்டிய கேள்வி ஒன்று எழுகிறது. விளக்கை அணைக்கச் சொல்வது சரி. அந்த விளக்குக்கு வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலே பிறக்கிறதே, அந்த உலைக்கு எத்தனை செயல்களின் பட்டியல் கொடுத்தீர்கள்? குளிரூட்டியே இல்லாத குடிசைக்காரனுக்குச் சிக்கனப் பாடம். கூரை வெப்பத்திலே வெந்துகொண்டிருப்பவனுக்கு வெப்பத்தைக் குறைக்கும் கடமை! குடிசையின் கரித்தடத்தை அளக்கக் கோலைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், கோபுரத்தின் பக்கமும் கொஞ்சம் நடந்துவிட்டு வரட்டும்.

“மக்களின் மனத்தை ஆராய்ந்து திட்டம் போடுவது, மக்களை ஏமாற்றுவது ஆகாதா?” என்று நல்லெண்ணம் கொண்ட சிலர் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். நம் பதில் இது: மறைத்துச் செய்தால் ஏமாற்று; வெளிப்படையாகச் செய்தால் பண்பாடு. வரியைக் கண்ணில் படாமல் ஒளிப்பது ஏமாற்று. திருப்பித் தரும் பணத்தை, “இது உன் பணம், இதற்காக வந்தது, இவ்வளவு வந்தது” என்று எழுதிக் கொடுப்பது நேர்மை. விற்பவன் நம் மனத்தை நாள்தோறும் ஆராய்ந்து, கடை அடுக்கிலே எதை எங்கே வைக்கவேண்டும் என்று தீர்மானிக்கிறான். ஊருக்கு நன்மை செய்ய வந்தவன் மட்டும் மனமென்று ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஆகவே ஆட்சியாளருக்கு, அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், நாம் கூறுவது இதுதான். முதலில் கொடுங்கள், பிறகு எடுங்கள். பேருந்தை விடுங்கள், பிறகு பெட்ரோலைப் பற்றிப் பேசுங்கள். கொடுப்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்குக் கிடைக்கும்படி, பெயர் சொல்லிக் கொடுங்கள். ஒருவனுக்கு விலக்கு, ஒருவனுக்கு விலங்கு என்று வைக்காதீர்கள். சிறியவனிடம் சிக்கனம் கேட்கும் முன்பு, பெரியவனிடம் கணக்குக் கேளுங்கள். இத்தனையும் செய்தபின் கதவிலே சீட்டுத் தொங்கவிடுங்கள்; சிரித்த முகமும் வரையுங்கள்; நாமும் சேர்ந்து சிரிக்கிறோம்!

கனடாவிலே தோற்றது கரிவரி மட்டும் அல்ல. ஏழைக்கு இலாபம் தந்த ஒரு சட்டத்தை, அந்த ஏழையே வேண்டாம் என்று சொல்லும்படி ஆயிற்றே, அதுதான் பெருந்தோல்வி. மனத்தை வெல்லாதவன் மன்றத்திலே வென்றாலும், அந்த வெற்றி அடுத்த தேர்தல் வரைதான். அடுத்த தேர்தல் வரை பொறுத்திருப்போம் என்று கடல் சொல்லவில்லை, வெயிலும் சொல்லவில்லை.